செத்ததாக எழுதச் சொன்ன பெண்

எண்பதுகளின் நடுவில், செய்தி சேகரிக்க அரூர் போகும் பஸ்ஸில் அவரைச் சந்தித்தேன். ஒல்லியான சேலத்துக்காரர். சென்னையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் வீடு தேடிப் போய்ப் பதிவு செய்வது அவர் வேலை. எந்த ஊரிலும் நோயின் பெயரை உச்சரிக்க மாட்டார். தூரத்துச் சொந்தம் என்றே விசாரிப்பார்.

அன்று அவர் தேடிப்போன ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கதவைத் திறந்த அம்மாள் அவரைக் கண்டதும் வெளிறிப்போனார். உள்ளே அந்த அம்மாளின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"போயிருங்க சாமி. தெரிஞ்சா புள்ள கல்யாணம் நின்னுரும். நான் செத்துட்டேன்னு எழுதிக்குங்க," என்று கிசுகிசுத்தார்.

சேலத்துக்காரரும் குரலைத் தாழ்த்தினார். "அப்படி எழுதுனா, உங்களுக்குச் செஞ்ச வைத்தியம் பலிக்கலைன்னு கணக்காயிருங்கம்மா. அடுத்து வர்ற பொம்பளைங்களுக்கு அதைக் குடுக்காம போயிருவாங்க."

"யாருங்க அது, இன்னொரு மாப்பிள்ளை வூடா?" உள்ளேயிருந்து ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

"வூடு மாறி வந்துட்டோமுங்க," என்று சேலத்துக்காரர் உரக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தெருமுனையில், "உயிரோட இருக்காங்கன்னுதான் எழுதுவேன்," என்றார். "ஆனா அடுத்த வருசமும் இங்க வரணுமே. அதான் பயமா இருக்கு."

கதவுக்குப் பின்னால் அந்த அம்மாளும் அதை நினைத்துத்தான் பயந்திருப்பார்.