பெட்டிக்குள் போன கண்மாய்

ரயில் பாலத்துக்கு அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற ஒரு சாயங்காலம். என் ஸ்கூட்டர் நட்டநடுவில் இருமிவிட்டு நின்றுபோனது. முன்னால் ஏழெட்டுப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு பேட்டரி ஆட்டோ வந்தது. உள்ளே நான்கு பெண்கள், மடியில் பூக்கூடைகள். துளிச் சத்தமில்லை. எங்கள் தொடையில் ஓர் அலையை அடித்துவிட்டு மறுபக்க மேட்டில் ஏறிப் போயே போய்விட்டது.

அந்த வண்டிக்கு இழுக்கக் காற்று வேண்டாம், விடப் புகை கிடையாது. அப்புறம் தண்ணீர் எதற்குள் போய் அதை நிறுத்தும்? அங்கேயே, ஒரு கையில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நண்பனுக்குப் போன் போட்டேன்.

“டேய், நம்ம ஜீப்ப கண்மாய்க்குள்ள விடுவோம்டா.”

“அது இன்னும் தெருமுனையே தாண்டல, லூசு. நீ எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்கு?”

“தண்ணிக்குள்ள.”

ஜீப் எங்கள் மூன்று பேருடையது என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது ஓர் அண்ணனுடையது. பழைய மதுரையின் ஒரு சந்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். டீசல் எஞ்சின் செத்துப்போன ஜீப்பை இரும்புக்குப் போட மனமில்லாமல் வைத்திருந்தார். கல்லூரியில் என்னோடு படித்த நண்பனும் நானும் அவர் கடைக்கு வேறு வேலையாகப் போய், ஜீப்பைப் பார்த்து, அன்றைக்கே எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பேட்டரி மோட்டார் வைக்கும் பேச்சில் வந்து நின்றோம். அந்தச் சந்தில் சைக்கிளே திரும்பாது. அதனால் கோச்சடையில் நண்பன் வீட்டுக்கு அடியில் ஜீப்பை நிறுத்தினோம். கீழே வெறும் தூண்கள், மேலே வீடு. ஜீப்பின் பின்பக்கத்துக்கு நேர் மேலே இருப்பது ஒரு படுக்கையறை. அதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பழைய வண்டியைப் பேட்டரிக்கு மாற்றுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. கிளட்ச்சைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்று மூன்று நாள் சண்டை நடக்கும். சேற்றில் எந்த டயர் பிடிக்கும் என்று ஒருவர் பத்து நிமிடம் குரல் பதிவு போடுவார். எல்லாம் முடிந்த பிறகு எவராவது வந்து “அண்ணே, ஒரு சார்ஜுக்கு எம்புட்டு ஓடும்?” என்று முதலிலிருந்து தொடங்குவார். எனக்கு அந்தக் குழுதான் காலைக் காப்பி. பெட்ரோல் ஜீப்காரர்கள் எங்களை ‘பொம்மை வண்டி’ என்று சீண்டுவார்கள். கண்மாய் வீடியோ ஒன்று போட்டால் அவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று எனக்கு ஒரே துடிப்பு.

ஜீப்பின் பின்பக்கம் வைக்கும் பேட்டரிப் பெட்டியை அண்ணன்தான் செய்தார். தடித்த இரும்புத் தகடு, மூடிக்கு ரப்பர் பட்டை, சுற்றிலும் போல்ட். உள்ளே இருபத்துநான்கு செல்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்து நிற்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதில் ஒரு குழாயைச் சொருகி, சீட் உயரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்.

“இது எதுக்குண்ணே?”

“மூச்சு விடத்தாம்மா.”

“தண்ணிக்குள்ள போற பெட்டில யாராச்சும் ஓட்டை போடுவாங்களா?”

“குழா மேலதான இருக்கு. கெணத்துல கெடந்த மோட்டார நான் எம்புட்டு பிரிச்சிருக்கேன் தெரியுமா?”

“அது கெணறுண்ணே. இது வண்டி. பள்ளத்துல எறங்குனா குழா முங்கிரும்.”

“ரெண்டு பேரும் கத்தாதீங்க, மேல அக்கா தூங்குது” என்றான் நண்பன். அவன் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். இறங்கி ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போகிற அன்று காலை, அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டையைப் பசை வைத்து அடைத்தேன். மேலே கறுப்புப் பெயிண்டையும் தொட்டு வைத்தேன். சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லி அண்ணனைக் கிண்டல் பண்ணலாம் என்றிருந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய். வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், மத்தியான வெயிலில் தரிசுக் காட்டில் இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டினோம். கரைமேல் ஏற்றினோம், ஓடைக்குள் இறக்கினோம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சூட்டில் கை வைக்க முடியவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓரமாக நின்று பார்த்தார்.

“என்னம்மா, வண்டி சத்தமே போடல. உசுரு இருக்கா?”

“இருக்குங்க, உள்ள இருக்கு.”

அப்புறம் தண்ணீரில் இறக்கினோம். சக்கரம் மறைந்தது, பானெட் மறைந்தது, என் இடுப்பு நனைந்தது. வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த கரையில் ஏறியதும் நண்பன் என்னைத் தூக்காத குறை. அண்ணன் குழாய் இல்லாததைக்கூடப் பார்க்கவில்லை. “இன்னொரு தடவ, இன்னொரு தடவ, நான் ஓட்டுறேன்” என்று சீட்டில் தாவி ஏறினார். மொத்தம் நாலு தடவை போய் வந்தோம்.

குழுவில் வீடியோ போட்டதும் போன் சூடாகும் அளவுக்குப் பாராட்டு. அதற்கு நடுவே வேறு ஊர்க்காரர் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: “பெட்டியத் திறந்து பாத்தீங்களா?” நாங்கள் பதில் போடவில்லை. கீழே இன்னும் முப்பது பேர் கைதட்டியதில் அந்த வரி மேலே போய் மறைந்துவிட்டது.

ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் போனில் தெரியும். நாலு நாள் கழித்துப் பார்த்தபோது பதினேழாவது செல் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. வண்டியை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கு மறுநாள் முந்தைய இரண்டு நாளும் சேர்ந்த அளவுக்கு. குழுவில் கேட்டேன். “மீட்டர் பொய் சொல்லும்”, “ஒரு தடவ ஃபுல் சார்ஜ் போடுங்க, சரியாயிரும்” என்றார்கள். நானும் நம்ப விரும்பினேன். நல்லவேளை, சார்ஜ் போடவில்லை. ஆனால் பல் துலக்கும் முன்பே அந்த எண்ணைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

இன்று மத்தியானம் நண்பன் பேச்சுவாக்கில் சொன்னான்.

“அக்காவுக்கு ரெண்டு நாளா ஒரே தொல்லை. ரூம்ல நகப்பாலிஷ் வாசம் வருதாம். எங்கம்மா வீடு பூராத் தேடுது. மாசமா இருக்கவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லிட்டேன்.”

 செல் கசிந்தால் உள்ளிருக்கும் திரவத்துக்கு இனிப்பும் காரமுமாக அந்த வாசம்தான் இருக்கும். எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், அடுத்தது தீ என்றும்.

கோச்சடைக்குப் பறந்தேன். பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒயர்கள் ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடும். டார்ச் அடித்தேன். அதன் உள்பக்கம் வியர்த்திருந்தது. வெயிலில் சுட்ட பெட்டி தண்ணீருக்குள் போனதும் உள்ளே இருந்த காற்று சுருங்கியிருக்கிறது. சுருங்கின காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வரக் குழாய் இல்லாமல், மூடியின் ரப்பர் இடுக்கு வழியாகக் கண்மாயை உறிஞ்சியிருக்கிறது. நாலு தடவை. அந்தத் தண்ணீர்தான் பதினேழாவது செல்லை அரித்துக்கொண்டிருக்கிறது. சூடு ஆறினால் காற்று சுருங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள்.

மேலே அக்காவும் அம்மாவும் எனக்குப் புரியாத அவர்கள் வீட்டு மொழியில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

அண்ணன் வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் பெயிண்ட் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“நீயாம்மா அடைச்ச?”

“ஆமாண்ணே.”

“என்ட்ட ஒரு வார்த்த...” என்று ஆரம்பித்தவர் நண்பன் பக்கம் திரும்பினார். “மாப்ள, மொதல்ல மேல இருக்கவங்கள எறக்கு.”

“டாக்டர் அசையக் கூடாதுன்னுருக்காருண்ணே. அம்மாகிட்ட என்னன்னு சொல்ல?”

“உள்ளத சொல்லு. இல்ல நான் வந்து சொல்லுறேன்.”

நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேராகத் தூக்கி இறக்கினோம்.  ஜீப்பைக் கடக்கும்போது அந்த அம்மா மகளின் முகத்தை முந்தானையால் மூடினார். இப்போது சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லியாயிற்று.

மெயின் ஸ்விட்சை அணைத்து வைத்திருக்கிறோம். அதனால் வெளியேதான் மின்சாரம் நிற்கும், பெட்டிக்குள் செல்கள் கோத்தபடியேதான் இருக்கும். வீட்டுக்கு அடியில் வைத்துத் திறக்க முடியாது. ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது, மொத்த மின்சாரமும் அந்தப் பதினேழாவது வழியாகத்தான் போக வேண்டும். தெருவில் தள்ளினால் எதிர் வீட்டு வாசல். தீயணைப்பு நிலையத்தில் அண்ணன் தகவல் சொல்லிவிட்டார். டிராக்டர்காரர் விடியற்காலையில் வருகிறார். கட்டி இழுத்து, வீடு கட்டாத பிளாட்டுகளைத் தாண்டி இருக்கும் பொட்டலில் நிறுத்த வேண்டும். அங்கே போல்ட்டைக் கழற்றி, ரப்பர் கையுறையோடு செல் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நனைந்த செல்களை மணலுக்குள் இறக்கப் போகிறோம்.

இழுக்கும்போது ஜீப்பில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாக வேண்டும். அண்ணன் தான் உட்காருவதாகச் சொன்னார், நண்பனோ, வீடு தன்னுடையது, தானே உட்காருகிறேன் என்றான். நான் விடவில்லை. கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டோம். பெல்ட் போட மாட்டேன். வாசம் கூடினாலும் புகை தெரிந்தாலும் குதித்துவிட வேண்டும் என்று ரெண்டு பேரும் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். டிராக்டர் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று அண்ணன் இன்னும் போனில் அந்த ஆளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினேழாவது செல் போன மணி நேரத்தைவிட இறங்கியிருக்கிறது.