பிடுங்கிப்போட்ட மைக்

நம்புகிறவர்கள் நம்பட்டும். சாரம் என்ற பகுதியில் அந்த வீடு இப்போதும் இருக்கிறது. அங்கே கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த சந்திரகலாவும் இருக்கிறாள். கேட்டால் இன்றும் சொல்வாள். சொல்லி முடித்ததும் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பாள்.

அவள் ஒரு வக்கீலுக்கு வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுப்பவள். கணவன் ராஜ்கமலுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவான். பகலெல்லாம் அவளும் அந்த டெஸ்க்டாப்பும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணினி தானாகச் சத்தம் போட ஆரம்பித்தது. பென் டிரைவ் செருகினால் ‘டு-டிங்’ என்று வருமே, அந்தச் சத்தம். உடனே, பிடுங்கினால் வரும் ‘டி-டொங்’. செருகவோ பிடுங்கவோ அங்கே யாரும் இல்லை.

“லூஸ் கனெக்‌ஷனா இருக்கும்” என்று சொல்லிவிட்டு ராஜ்கமல் புரண்டு படுத்தான்.

திங்கட்கிழமை பகல் முழுக்க அதே கதை. மௌஸ், கீபோர்டு, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டு-டிங்… டி-டொங்… நிற்கவில்லை. அணைத்துப் போட்டாள். மறுபடி போட்டதும் விடாமல் அடித்தது. கதவைத் தட்டுகிற மாதிரி.

சாயங்காலம் சத்தம் குறைந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. களைத்துப்போனவர்கள் தட்டுவதுபோல ஒன்று… வெகு நேரம் கழித்து இன்னொன்று… பிறகு ஒன்றுமே இல்லை.

சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

செவ்வாய் மதியம் ராஜ்கமலின் தம்பி வெற்றிவேல் வந்தான். நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர் கடையில் மெக்கானிக். கேபினெட்டைத் திறந்து தூசி ஊதினான். முன்பக்க யுஎஸ்பி ஒயரையே பிடுங்கிவிட்டான்.

“இனிமே சத்தம் வராது அண்ணி. ஒருவாட்டி சவுண்டு செக் பண்ணிடறேன்.”

செட்டிங்கைத் திறந்தவன் கை அப்படியே நின்றது.

மைக்கில் பேசினால் திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கும். அது ஏறிக்கொண்டிருந்தது. இறங்கியது. மறுபடி ஏறியது.

இரண்டு பேருமே பேசவில்லை.

“மைக்கு எங்க அண்ணி?”

கட்டில்மேல் கிடந்த ஹெட்போனைக் காட்டினாள். ஒயர் எதிலும் செருகாமல் தொங்கியது. டெஸ்க்டாப்பில் உள்ளுக்குள் வேறு மைக்கும் கிடையாது.

“ஃபேன நிறுத்துங்க.”

நிறுத்தினாள். வீடு நிசப்தமானது. தெருவில்கூட ஆள் இல்லை. உச்சி வெயில்.

பச்சைக் கோடு ஏறியது.

“இன்னா வெற்றி இது…”

அவன் ரெக்கார்டு பட்டனை அழுத்தினான். கோடு அடங்கும்வரை காத்திருந்தான். நிறுத்தினான். ஸ்பீக்கரை ஏற்றி ஓடவிட்டான்.

முதலில் வெறும் இரைச்சல்.

பிறகு மூச்சு.

பிறகு ஓர் ஆணின் கனத்த குரல். அவள் அதுவரை கேட்டே இராத குரல்.

“யம்மா… மேல வாம்மா… கதவ ஒடைங்க…”

வெற்றிவேல் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்தான்.

இருவரும் மேலே பார்த்தார்கள்.

மாடிப் போர்ஷனில் ஆதிமூலம் என்ற பெரியவர் தனியாக இருந்தார். மில்லில் வேலை பார்த்தவர். கழுத்தில் எப்போதும் துண்டு சுற்றியிருப்பார். பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார், சிரிப்பார். அடிக்கடி காரைக்காலில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு நாளாகக் கதவு சாத்தியிருந்தபோது, ஊருக்குப் போயிருப்பார் என்றே சந்திரகலா இருந்துவிட்டாள்.

படியேறினார்கள். கதவு உள்தாழ் போட்டிருந்தது.

தட்டினார்கள். பதில் இல்லை.

வெற்றிவேல் தோளால் இடித்தான். மூன்றாவது இடியில் தாழ் பிய்ந்தது.

நாற்றம்…

பாத்ரூம் வாசலில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வலது கை நீண்டு, நகமெல்லாம் தேய்ந்து, தரையில்…

அந்தத் தரைக்கு நேர் கீழேதான் அவள் கணினி மேசை.

ஞாயிறு காலை வழுக்கி விழுந்திருக்கிறார் என்றார் டாக்டர். விழுந்ததும் சாகவில்லை. திங்கட்கிழமை பொழுது சாயும்வரை உயிர் இருந்திருக்கிறது.

குரல் பதிவானதோ செவ்வாய் மதியம்.

“உயிரோட இருந்தப்ப ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா… ஓடியிருப்பேனே…” சந்திரகலா அடித்துக்கொண்டு அழுதாள்.

காரியம் முடிந்த மறுநாள், மகள் அமுதவல்லி கீழே வந்தாள். அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்றாள். சந்திரகலா பயந்துகொண்டே கணினியைப் போட்டாள்.

அமுதவல்லி ஒருமுறை கேட்டாள். அழவில்லை. இன்னொருமுறை கேட்டாள்.

“எங்கப்பா சத்தம் போட்டிருக்க முடியாதுக்கா. தொண்டையில ஆபரேஷன் பண்ணி, குரல்வளையவே எடுத்துட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

சந்திரகலாவுக்குத் தெரியாது. பேச்சு குறைந்த மனுஷன் என்றுதான் இருந்தாள்.

“அப்போ… இது யாரு குரலும்மா?”

அமுதவல்லி திரையைத் தொட்டாள்.

“அப்பாவோடதுதான். எனக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாடி கேட்டது.”