தைலமரத் தோப்பின் பறவைக் கணக்கு

திருப்புட்குழியைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாகக் காஞ்சிபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பையில் ஒரு லுங்கி, இரண்டு சட்டை. மூன்று மாதமாகக் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

அது ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுடையது. புதர்க்காட்டில் என்னென்ன பறவைகள், பக்கத்துத் தைலமரத் தோப்பில் என்னென்ன என்று ஒப்பிடுவது அவர் வேலை. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் வெட்டவெளியில் படுத்துப் பழகியதில், குரலைக் கேட்டே பறவையைச் சொல்லிவிடுவேன். அதனால் சேர்த்துக்கொண்டார். விடிந்ததும் குறித்த மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கேட்டதையும் பார்த்ததையும் தாளில் எழுத வேண்டும். முதல் வாரம் இரண்டு இடத்துக்கும் சேர்ந்து போனோம். பிறகு காடு அவருக்கு, தோப்பு எனக்கு.

காட்டில் களாப்புதருக்குள் கௌதாரி கத்தும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிச் சண்டை போடும். எழுதக் கை போதாது. தோப்பில் காய்ந்த இலை விழும் சத்தம்தான். எப்போதாவது ஒரு கரிச்சான்.

நான் முன்பு வேலை பார்த்த செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் வெறுங்கையைக் காட்டினால், தூங்கினாயா என்றுதான் கேட்பார்கள். வெறும் தாளை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் வாரம் காட்டில் கேட்ட பறவைகளில் நாலைந்தைத் தோப்புத் தாளில் எழுதினேன். தினமும்.

நான் கிளம்பிய அன்று மத்தியானம் அவர் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்குது. காட்டை அழிச்சுட்டு தைலமரம் வெச்சாலும் ஒண்ணும் குறையாதுன்னு ஆவுது. இததான் நான் எழுதியாவணும்."

அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் தாள்களை ஒன்றாக அடுக்கினார். "இல்லன்னா சைபர்னு போட்டிருக்கலாமேண்ணா. எனக்கு அந்த சைபர்தான் வேணும்." பிறகு, "திரும்ப எண்ணலாம்னா தோப்பு ஏலம் போயிடுச்சு. நாளைக்கு வெட்றாங்க" என்றார். திட்டவில்லை.

வழியில் டீக்கடையில் அந்தத் தோப்பை வெட்டப்போகும் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மரம் பார்க்க வந்தபோது என்னைக் கண்டவர்.

"இன்னாபா, குருவிங்களுக்கு எல்லாம் ரேஷன் கார்டு போட்டுட்டியா?"

கடையே சிரித்தது.

"அந்த வேலை முடிஞ்சிடுச்சு. ஆள் வேணுமா?"

"பட்டை உரிக்க வா. ஆறரைக்கு ரம்பம் ஓடும்."

"நான் வெளுக்கும்போதே வந்துடுவேன்."

"அவ்ளோ சீக்கிரம் வந்து இன்னா பண்ணப் போற?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை, பறவை எண்ண அந்தப் பெண் சிவப்பு நாடா கட்டிவைத்திருந்த மரத்தடியில் போய் நின்றேன். பத்து நிமிடம். இலைகள் விழுந்தன. வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் கணக்கு மூன்று மாதத்துக்கு ஈடாகாது என்று தெரியும். ஆனாலும் பீடிக்கட்டு உறையின் பின்பக்கம் ஒரு சைபர் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். லாரியிலிருந்து இறங்கிய மேஸ்திரி, பட்டை உரிக்கும் கத்தியை என்னிடம் நீட்டினார்.