நிற்கக் கூடாத மோட்டார்

இலஞ்சி சாலையில் ஒரு வைக்கோல் வண்டி போகிறது. அதன் பின்னால், மாட்டின் நடைக்குத் தகுந்தபடி, ஒலி முகம்மது ராவுத்தரின் சிவப்பு மோட்டார் ஊர்கிறது. சாலையில் இடம் தாராளமாக இருக்கிறது, முந்திப் போகலாம். போக மாட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்த வண்டிக்காரன் பொறுமை இழந்து கத்துகிறான்: "முந்திப் போவும்வே! மாடு மிரளுதுல்லா!"

"நீரு உம்ம பாட்டுக்குப் போவும். நான் உமக்குப் பின்னாலதான் வரணும்" என்று சொல்லிவிட்டு, ராவுத்தர் காதை இஞ்சின் பக்கம் சாய்த்துக்கொள்கிறார்.

இதற்குப் பெயர் ஒத்திகை. கல்யாணத்துக்கு முந்தின நாட்களில் நாதசுரக்காரர்கள் சாதகம் செய்வதுபோல் இவர் மாட்டு வண்டிக்குப் பின்னால் போய்ச் சாதகம் செய்கிறார். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் இந்த வேகத்தில்தான் நகரும்.

வண்டியோ பந்தயத்துக்கென்று சீமையில் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது. செங்கோட்டைக்கு மேலே ஓர் எஸ்டேட் துரை மலைப்பாதையில் இதில் பறந்துகொண்டிருந்தார். அவருக்கு டிரைவராக இருந்தவர் ராவுத்தர். துரை கப்பல் ஏறியபோது வண்டி இவருடையதாயிற்று. மாப்பிள்ளையை நாலு பக்கமும் பார்க்கலாம் என்பதால் கல்யாண வீடுகளில் அதற்கு ஏக கிராக்கி. தென்காசி, மேலகரம், பண்பொழி எங்கும் இப்படி ஒரு திறந்த மோட்டார் வேறு கிடையாது. காற்றாகப் போகப் பிறந்ததை, தவில்காரர் நின்று வெற்றிலை போட்டுக்கொள்ளும் வேகத்துக்கு ஓட்டச் சொன்னால் அதற்குக் கோபம் வராதா?

வருகிறது. முதல் கியரிலேயே அது மனிதர்களை இடித்துத் தள்ளப் பார்க்கும். ஆகவே கிளச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்ட வேண்டும். கிளச்சுக்குள் இருக்கும் தோல் பட்டை சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கியர் மாற்றினால் பற்களை நறநறவென்று கடிக்கும். இரண்டாவது கியருக்கு நிலையான புத்தி இல்லை, தானாகவே நழுவிவிடும். ராவுத்தர் அதை இடது முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நாலு பேரு பாக்காங்க, மானத்த வாங்காத" என்று கெஞ்சுவார். கியர் விஷயத்தில் கெஞ்சல் சில சமயம் பலிக்கிறது. இஞ்சின் நின்றுபோனால்தான் ஆபத்து. தானாகக் கிளப்பும் பொத்தான் துரை காலத்திலேயே செத்துவிட்டது. நின்றால் இவர் இறங்கி, முன்னால் போய்க் குனிந்து, ஊர் பார்க்க ஹாண்டிலைச் சுற்ற வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் சுற்றினார். எங்கள் அடுத்த தெரு நல்லக்கண்ணுவின் மகள் ஆவுடையம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு வந்த மோட்டார், பெண் வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுவிட்டது. சுற்றினார், சுற்றினார், உயிர் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய் கூட்டத்திலிருந்து, "வாசல் ஏறுமுன்னயே நின்னுட்டே, இந்த வீட்டுச் சம்பந்தம் விளங்குமா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. பந்தி போட்ட இலையில் சோறு ஆறியது. மாப்பிள்ளை வீட்டார் இரவுக்குள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஒரு மோட்டார் நின்றதற்காக ஒரு கல்யாணம் நின்றது.  அதற்குப் பிறகு அந்தப் பெண் தண்ணீர் எடுக்கப் போனாலும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள்.

யாரும் ராவுத்தரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்துத் தின்றது. வண்டியைக் கழற்றினார். பெட்ரோலை மல் துணியில் வடிகட்டினார். சாரல் ஈரம் இறங்கியிருக்குமோ என்று தீப்பொறி தரும் மேக்னட்டோவுக்கு மெழுகுத் துணி சுற்றினார். ஈரம் போகப் பிளக்குகளை அடுப்பில் வாட்டினார். அவர் மனைவி ஜாஹிரா பீவி என் வீட்டுக்கு வந்து முறையிட்டாள்: "ஆப்பச் சட்டியில இவுஹ பிளக்க வறுக்குதாஹ! கேட்டா, ஆப்பத்த விட இது முக்கியம்ங்குதாஹ. ஒங்களுக்கு வேண்டப்பட்டவஹதான, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

சொல்லிப் பார்த்தேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தால் மோட்டார் நிற்பதில்லை. கொட்டும் சாரலில் குற்றாலம் போய் வந்தாலும் நிற்பதில்லை. கல்யாணத்தில் மட்டும் ஏன் திணறுகிறது? ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, "பூ! பூதான் பாத்துக்கிடுங்க!" என்று கத்தினார். கல்யாண வீட்டில் வண்டிக்கு மாலை போடுகிறார்கள். எங்கே போடுகிறார்கள்? முகப்பில், ரேடியேட்டருக்கு மேல். அது காற்று வாங்குகிற இடம். வண்டியின் மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு நடக்கச் சொல்லியிருக்கிறோம்! தண்ணீர் கொதித்து, இஞ்சின் மயங்கி விழாமல் என்ன செய்யும்? கண்டுபிடித்த சந்தோஷத்தில் என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றுவிட்டுப் போனார்.

இந்த ஆனியில் ஆவுடையம்மாளுக்கு மறுபடி ஒரு வரன் கூடியது. கடையநல்லூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. மாப்பிள்ளை வீட்டார் திறந்த மோட்டார் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். பழைய கதை அவர்கள் காதுக்கு எட்டியிருந்ததோ என்னவோ, அதை அவர்களிடம் கேட்க நல்லக்கண்ணு பயந்தார். ராவுத்தர் கும்பிட்டு மறுத்தார். "என் வண்டி வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் புள்ள மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"வேற வண்டிக்கு எங்கன போவேன் ராவுத்தரே? ஓட்டும். நிக்காம ஓட்டும்" என்றார் நல்லக்கண்ணு. ராவுத்தரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ராவுத்தர் சரி என்று தலையசைத்தார்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை பிள்ளையார் கோயில் வாசலில் மோட்டார் நின்றது. நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் சொரிமுத்து, ஆள் உயர அரளி மாலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக ரேடியேட்டருக்கு வந்தார். ராவுத்தர் குறுக்கே விழாத குறைதான். "அண்ணாச்சி, பின்னால கட்டுங்க. கண்ணாடியில கட்டுங்க. இங்கன மட்டும் வேண்டாம், வண்டிக்கு மூச்சு முட்டும்."

"மொகப்புல மால இல்லாத வண்டியிலயா என் மருமவன் வரணும்? மொத அடியே அபசகுனமாவே?" என்று சொரிமுத்து மாலையைக் கட்டினார். அது போதாதென்று அவர் வீட்டுப் பெண்கள் மல்லிகைச் சரங்களையும் சுற்றினார்கள். அபசகுனம் என்ற வார்த்தைக்குப் பயந்து ராவுத்தர் ஏறி உட்கார்ந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மேளம் முழங்க, ஊர்வலம் புறப்பட்டது. நான் கதவோரமாகவே நடந்தேன். மூலைக்கு மூலை நிறுத்தி ஆரத்தி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இஞ்சினின் குரல் கம்மியது. கியர் நறநறத்தது, நல்லவேளையாகத் தவில் அதை விழுங்கியது. ராவுத்தரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகப்பிலிருந்து ஆவி கிளம்பி, வெந்த மல்லிகை மணத்தது. சாம்பிராணி என்று நினைத்து ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.  ஆற்றை நோக்கிச் சரியும் நல்லக்கண்ணுவின் தெருவுக்குள் திரும்பியபோது, இஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு அடங்கிப்போனது.

ராவுத்தர் பிரேக்கைத் தொடவில்லை. லீவரைத் தட்டி கியரை விடுவித்தார். வண்டி சரிவில் தானாக உருண்டது. நாதசுரம் உச்சத்தில் இருந்தது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்கு மட்டும் காலடியில் இருந்த அதிர்வு போனது தெரிந்துவிட்டது. "நின்னுட்டோ?" என்று மெல்லக் கேட்டான்.

"இஞ்சினுதான் நின்னுட்டு தம்பி. வண்டி நிக்கல. நீங்க கும்பிட்டுக்கிட்டே வாங்க."

அந்தப் பையன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கைகளைக் குவித்துக்கொண்டு, இரண்டு பக்கத்து வீடுகளையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்போதே மனசார வாழ்த்தினேன்.

சரிவு பெண் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. மோட்டார் தளர்ந்தது. நான் பின்னால் போய், சாய்ந்துகொள்வதுபோல் இரண்டு கையையும் வைத்து முட்டுக் கொடுத்தேன். பேனா பிடிக்கிற கை. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ராவுத்தர் ஓடாத இஞ்சினுக்கு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு, ஹாரனை அடித்துக்கொண்டு, வெகு மும்முரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். வாழைமரம் கட்டிய வாசலுக்கு நேராக, கோலத்தின் விளிம்பில் வண்டி நின்றது. நல்லக்கண்ணு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பிகளை ஆவுடையம்மாளின் வளையல் கைகள் பிடித்திருந்தன. சொரிமுத்து வண்டியைச் சுற்றி வந்து, சந்தேகமாக ராவுத்தரைப் பார்த்தார்.

ராவுத்தர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு, அவசரமே இல்லாமல், எல்லோரும் பார்க்கும்படி கையை நீட்டி, சுவிட்சைத் திருப்பி இஞ்சினை அணைத்தார்.