கடைக்குப் பின்னால் என் வீடு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மா தன் வளவு நிலத்தை எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். பின் துண்டில் மூத்தவளான எனக்கு வீடு, றோட்டோரத் துண்டில் தங்கைக்கு வீடு. தங்கை வீட்டுச் சுவரோரமாக ஒரு பாதை விட்டிருந்தது. நான் றோட்டுக்குப் போக அதுதான் நேரான வழி. காணி உறுதிப் பத்திரத்தில் அதை எழுதவில்லை. ஒரே வயிற்றில் பிறந்ததுகளுக்கு எதற்கு எழுத்து என்று உம்மா நினைத்திருக்கிறார்.

கல்முனையில் இப்போது றோட்டோரத்தில் ஒரு முழ நிலம் இருந்தாலும் கடை போட்டுவிடுகிறார்கள். தங்கையின் மாப்பிள்ளைக்கும் அந்த ஆசை வந்தது. முன்னறையோடு பாதையையும் சேர்த்து அரிசிக்கடை கட்டப்போவதாகச் சொன்னார். நான் பின்பக்க ஒழுங்கையால் போகலாமாம். அது வடிகானோரம் வளைந்து போகும் ஒடுங்கிய சந்து. எதிரே ஒரு சைக்கிள் வந்தால் யாராவது ஒருவர் கானுக்குள் இறங்கத்தான் வேண்டும். என் கணவர் கத்தாரில். உம்மா இடுப்பு முறிந்து என் வீட்டில் படுக்கையில் இருந்தார். அந்தப் பாதையை நான் எப்படி விடுவேன்?

பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற அரசாங்க மத்தியஸ்த சபைக்குப் போவோம் என்றேன். அங்கே பெண்ணும் கதிரையில் இருந்து தன் வாயால் கதைக்கலாம். காக்கா, எங்களுக்கு இருக்கிற ஒரே அண்ணன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ராத்தா தங்கச்சி கதையைச் சந்திக்குக் கொண்டு போவதா, மரைக்காயரை வீட்டுக்கே கூப்பிட்டு முடிப்போம் என்றார். மரைக்காயர் எங்கள் குடிக்காக, அதாவது எங்கள் வம்சத்துக்காக, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். குடி உம்மா வழியில் வருவதால் எனக்கும் தங்கைக்கும் அவர் ஒரே அளவு சொந்தம். எல்லாருக்கும் சொந்தமானவர் யாரையும் நோகடிக்காமல்தான் முடித்து வைப்பார். அப்படி முடிக்க வேண்டுமென்றால் சத்தம் போடாதவள் விட்டுக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓம் என்றேன். மாட்டேன் என்றால் காக்கா என் வீட்டுப் படியை மிதிக்க மாட்டார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கை வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். ஆண்கள் முன்னால், நாங்கள் திரைக்குப் பின்னால். பகல் முழுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சண்டைகளுக்கு இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவள் நான். என் வழக்கு நடந்தபோது வந்தவர்களுக்கு இனிப்பாகத் தொதல் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்காகக் காக்கா கதைத்தார். தங்கைக்காகவும் அவரேதான் கதைத்தார். தங்கை என் பக்கத்திலேயே இருந்து தட்டை நகர்த்தித் தந்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டுத் தருவதாகத் தங்கையின் மாப்பிள்ளை, என் மச்சான், சொன்னார். ஆகா, பெரிய மனசு என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

மரைக்காயர் திரைப்பக்கம் திரும்பினார்.

“மகள், உங்கட பக்கத்தால என்னயும் கதைக்க இரிக்கா?”

கத்தியை வைத்துவிட்டு எழும்பினேன். கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நாளைக்கு உம்மாவுக்கு ஏதும் ஆனால், அவரைச் சுமக்கிற சந்தூக்கு எந்த வழியால் போகும்? அந்த ஒழுங்கையின் வளைவில் அது திரும்பாது. ஆனால் உம்மா உயிரோடு பின்வீட்டில் படுத்திருக்க, அதை எப்படி வாயில் எடுப்பது? வேறு சொல் தேடினேன். அந்த இடைவெளி காக்காவுக்குப் போதும்.

“அவ என்னத்தக் கதைக்கிற, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதானே. ஸலவாத்தச் சொல்லுங்க.”

சபை முழுக்கச் சொன்னது. நானும் சொன்னேன். காதில் விழுந்ததும் சொல்லிப் பழகிய வாய், என்னைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நபி மீது ஸலவாத்துச் சொன்னால் விசயம் முடிந்தது. அதன் பிறகு வாய் திறக்கிறவள் சண்டைக்காரி. இரண்டு பக்கமும் பொருந்திவிட்டதாக மரைக்காயர் அறிவித்தார். கோபம் வந்தது. நபியின் பேரில் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பேன்? தொதல் தட்டை நானே திரைக்கு வெளியே நீட்டினேன்.

கடை எழும்பியது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் பின்சுவர், அதில் எப்போதும் பூட்டிய ஒரு கதவு. பாடசாலைக்கு ஒழுங்கையால்தான் போய்வந்தேன். கொங்கிறீட் பாதித் தூரத்தோடு நின்றது. யாரிடம் முறையிடுவது? முடித்து வைத்தவர்கள் எல்லாரும் என்னுடைய ஆட்கள்.

ஒரு நண்பகல், லுஹர் நேரம், உம்மா மௌத்தானார். பள்ளிவாசலில் இருந்து வெறும் சந்தூக்கு ஒழுங்கையால் வந்து வளைவில் முட்டியது. சரித்துப் பார்த்தார்கள், பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. மச்சான்தான் ஓடிப்போய்க் கடையின் பின்கதவைத் திறந்தார். அரிசி மூட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கிச் சந்தூக்கு வந்துபோக வழி செய்தார். அழுதுகொண்டே செய்தார், அதையும் சொல்ல வேண்டும். உம்மாவைச் சந்தூக்கில் வைத்து, கையில் தாழ்த்திப் பிடித்து மூட்டைகளுக்கு நடுவால் கொண்டுபோனார்கள். றோட்டுக்குப் போன பிறகுதான் தோளில் வைத்தார்கள்.

காக்கா என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார்.

“பாத்தியா புள்ள, வழி இல்லாமப் போகல்லயே.”

சொல்லிவிட்டுத் தோள் கொடுக்க ஓடினார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. நான் மூட்டைகளுக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் கடைசியாக வெளியேறினார். கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஜனாஸாவுக்குப் போக முடியாதுதானே. வெளியிலிருந்து ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினார். நான் பின்கதவால் வீட்டுக்குத் திரும்பினேன்.