கன்னத்தால் தேடிய ஊசி

அம்மாவைச் சர்க்கரை நோய் கொண்டுபோனது. மருத்துவர், மாத்திரை எல்லாம் இருந்தும், காலில் ஏறிய ஆணி அவளுக்கு உறைக்கவில்லை. புண் முற்றிவிட்டது. நான் எழுதுவது அதற்கு முந்தைய மழைக்காலத்தைப் பற்றி.

துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டைகளின் நீளம் குறைத்துக் கொடுப்பது அவள் வேலை. வெட்டிய துண்டுகள் அவள் பையில் வீட்டுக்கு வரும். கட்டிலுக்கடியில் துணி. பரணில் துணி. ஓடாமல் போன வாஷிங் மெஷினுக்குள்ளும் துணி. "இந்த வீட்ல மனுஷன் கால் நீட்ட இடமில்ல, கந்தலுக்குக் கட்டில் கேக்குது" என்று அப்பா இருந்தவரை சொல்வார். "ஒரு நாள் உதவும்" என்பாள் அம்மா.

ஆறு உடைத்துக்கொண்டு கரையோரத் தெருக்கள் மூழ்கியபோது அந்த நாள் வந்தது. அக்கரைப் பள்ளிக்கூடத்தில் குடும்பங்கள் ஈரத் தரையில் படுத்திருந்தன. அம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டு மொத்தத் துணியையும் கீழே இறக்கினாள். துண்டுகளை இணைத்து மேலே ஒரு விரிப்பு, கீழே ஒன்று, நடுவில் பழைய கம்பளி. மூன்றையும் சேர்த்துக் கையால் நீளத் தையல். மாடிவீட்டுச் சித்தி உதவிக்கு வந்தாள்.

"அக்கா, இது ஒரு சாண் குறையுதே?"

"வெள்ளம் தலைக்கு மேல போனப்புறம் சாண் என்னடி, முழம் என்ன? தை."

போர்வைகளை மடித்துக் கட்டியாயிற்று. லாரி வரவேண்டியதுதான் பாக்கி. அம்மா ஊசிகளைச் சோப்புக் கட்டியில் குத்திவைத்தாள். ஓர் ஊசி குறைந்தது.

"நீ எடுத்தியா?"

"என்னுது இதோ, நூலோட இருக்கு" என்றாள் சித்தி.

தரையைப் பெருக்கினோம். பாயை உதறினோம். இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு போர்வைக்குள். அதில் படுக்கப்போவது குழந்தைகள்.

அளவுக் கருவிகளைச் சோதிப்பது என் தொழில். பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தேன். முதலில் கம்பளிக்குள் வேறோர் ஊசியைச் செருகிச் சோதித்தேன். ஊசி அசையவில்லை. தடிமன் அதிகம்.

"பாட்டுப் பாடற காந்தம்டி அது. அதப் போய் வேலை வாங்கறியே" என்றாள் சித்தி. யாரும் சிரிக்கவில்லை.

லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார்.

"இருட்டிக்கிட்டு வருதும்மா. தண்ணி ஏறினா பாலத்த மூடிருவாங்க. ஒரு ஊசிக்காக லாரிய நிறுத்துவீங்களா?"

"உன் முதுகிலயா குத்தப்போகுது? நில்லுப்பா."

கட்டுகளை அவிழ்த்தோம். பார்த்து முடித்ததை உடனே ஏற்றுவது என்று முடிவு. நானும் சித்தியும் உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாக அழுத்தினோம். அம்மா மண்டியிட்டுக் குனிந்து, கன்னத்தைப் போர்வையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனாள்.

"என்னம்மா பண்ற?"

"கத்தரி பிடிச்சுப் பிடிச்சுக் கை காய்ச்சுப்போச்சுடி. கன்னம்தான் சரியாச் சொல்லும்."

தூறல் விழுந்தது. லாரிக்காரர் முணுமுணுத்தபடி தார்ப்பாயை இழுத்துப் போட்டார். ஒவ்வொரு போர்வை வெளியே போகும்போதும், கையில் தட்டாமல் விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. இரண்டை வாங்கி மறுபடி அழுத்திப் பார்த்தேன். பாலம் மூடிவிட்டால் இந்த இரவும் அங்கே ஈரத் தரைதான். அது தெரிந்தும் கை வேகமாகப் போக மறுத்தது.

"ஆ!"

அம்மா தலையைத் தூக்கினாள். கண்ணுக்குக் கீழே ஒரு துளி ரத்தம். தொட்டில் அளவுப் போர்வை அது. மடித்துத் தைத்த ஓரத்துக்குள் ஊசி படுத்திருந்தது.

"மாட்டிக்கிட்டான்!" என்று சிரித்தாள்.

"ஒரு விரக்கடை மேல போயிருந்தா கண்ணு போயிருக்கும். சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு?" சித்தி முந்தானையால் ரத்தத்தை ஒற்றினாள்.

ஊசியை உருவி நான் வைத்துக்கொண்டேன். மிச்சத்தை அள்ளிப் போட்டதும் லாரி கிளம்பியது. வாசலில் அம்மா ஒரு கையை என் தோளில் ஊன்றி, மறு கையை லாரியைப் பார்த்து ஆட்டினாள். தோளில் இருந்த கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையைப் பார்த்தேன். காய்ப்பு கட்டை விரலடியில் மட்டும்தான். விரல்நுனிகள் மெத்தென்று இருந்தன.

ஆள்காட்டி விரல்நுனியில் ஊசிமுனையை வைத்தேன். லேசாக அழுத்தினேன். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ரத்தம் எட்டிப் பார்த்தது.

அம்மா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்தத் தாண்டிருவானாடி?" என்று கேட்டாள்.