டெலோஸ் தீவில் ஓர் அசனம்

என் கணவர் இனிகோ மணப்பாட்டுக்காரர். கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் பண்டாரி. அத்தனை பேருக்கும் சமைப்பார். வீட்டிலோ வெந்நீர்கூட வைக்க மாட்டார்.

1973இல், பிள்ளை வயிற்றிலிருந்த ஏழாம் மாதத்திலேயே என்னைத் தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிலைமை மோசம் என்று என் அண்ணன் ரோச் கப்பலுக்குத் தந்தி கொடுத்தான். அதன்பின் அவருக்குத் தகவல் இல்லை. எஞ்சின் பழுதாகிக் கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கூட்டாளிகள் அவரைப் படகில் ஏற்றிப் பக்கத்துத் தீவான டெலோஸுக்குக் கூட்டிப் போனார்கள்.

ஆள் குடியில்லாத தீவு. கூரையற்ற வெள்ளைத் தூண்கள், உடைந்த படிகள், கல்லில் செதுக்கிய சிங்கங்கள். கடல் அடித்துப்போன பழைய மாதா கோயில் என்று நினைத்துவிட்டார் இவர். முழங்காலில் நின்று, தாயும் பிள்ளையும் பிழைத்தால் இதே இடத்தில் அசனம் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கம் திருவிழாவில் எல்லோருக்கும் சோறு போடுவோமே, அதுதான் அசனம். திரும்பும்போதுதான், அது ஏசுவுக்கு முந்திய அப்பல்லோ சாமியின் இடம் என்று கூட்டாளிகள் சிரித்தார்களாம்.

நானும் பிழைத்தேன். மகள் பிளாரன்ஸும் பிழைத்தாள்.

அவர் ஊர் வந்தபோது, புதுத் துறைமுகக் கேன்டீனில் ரோச் அவருக்கு வேலை சொல்லி வைத்திருந்தான். இனிக் கரையிலேயே இருப்பார் என்று நம்பினேன். அவரோ மறுபடி கப்பலேற வேண்டும் என்றார்.

"சாமியாரே சொல்லிட்டாரு, நம்ம கோயில்ல போட்டா போதும்னு."

"ஏளா, அங்கன முட்டுக்குத்தி நின்னு சொல்லியிருக்கேன்."

"அங்கன யாரு இருக்கா? இடிஞ்ச கல்லு!"

"நான் கேக்கும்போதும் இடிஞ்சுதாம்ளா கெடந்துச்சு. பிள்ள பொழச்சுதுல்லா?"

போய்விட்டார். ஒன்றரை வருடம் கழித்து வந்து வாசலில் நின்றவரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"போட்டியளா?"

"போட்டாச்சு. கப்பல்லயே ஆட்டுக்கறி ஆக்கி, சட்டிய மடியில வச்சுக்கிட்டு ரெண்டு படகு மாறிப் போனேன்."

"எத்தன பேரு சாப்பிட்டாவ?"

"காவக்காரன் ரெண்டு பேரு. சுத்திப் பாக்க வந்த வெள்ளக்காரக் கெழவி ஒருத்தி. அவ ஒறப்பு தாங்காம அழுதுட்டா. பொறவு ஏழெட்டுப் பூன."

"பெரிய அசனந்தான்!" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

கேன்டீன் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. அவர் கடலுக்கே திரும்பினார். போன அக்டோபரில் சிங்கப்பூரில் காய்ச்சலில் இறந்தார், அடக்கமும் அங்கேதான். நீ அன்றைக்கு மறித்திருக்க வேண்டும் என்கிறான் ரோச். மறித்திருந்தால் இருந்திருப்பார்தான்.

ஆனால் அசனம் போட்டு வந்த அன்று மத்தியானம், பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு பாயில் படுத்தார். சாயங்காலம் கோயில் மணி அடித்தும் எழவில்லை. என் வீட்டில் அவர் அப்படித் தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.